முதலிடத்தில் மறுபடியும் அதே பாட்டு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் அக்கா லண்டனில் இருக்கிறாள். அங்கே ஒவ்வொரு டிசம்பரிலும் கிறிஸ்துமஸ் வாரத்துப் பாட்டுப் பட்டியலில் எது முதலிடம் பிடிக்கும் என்று பணம் கட்டிப் பந்தயம்கூட வைக்கிறார்களாம். 2023-ல் ‘வாம்’ இரட்டையரின் ‘லாஸ்ட் கிறிஸ்துமஸ்’ முதலிடம். 2024-லும் அதே பாட்டு. அது 1984-ல் வந்தது, ஐயா! எது வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பட்டியல் எதற்கு? இந்தக் கிறிஸ்துமஸ் பாட்டுகள் இசைப் பட்டியலையே கெடுத்துவிடவில்லையா?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பரணில் இருந்து என் பழைய நோட்டை இறக்கினேன். 1986-ல் மயிலாடுதுறையில் கேசட் கடை போட்டபோது வாங்கிய கோடு போட்ட நோட்டு. வெற்றுக் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை அது. அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு, ஏழு பாட்டு அடங்கும். வாடிக்கையாளர் சீட்டில் எழுதிக் கொண்டுவருகிற ஒவ்வொரு பாட்டுக்கும் நோட்டில் ஒரு கோடு போடுவேன். நாலு கோடு ஆனதும் ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பேன். சனிக்கிழமை ராத்திரி கடை அடைக்கும் முன் எண்ணிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் கரும்பலகையில் முதல் பத்துப் பாட்டை எழுதிவைப்பேன். பள்ளிக்கூடப் பையன்கள் சைக்கிளில் இருந்தபடியே ஒரு காலை ஊன்றி நின்று வாசித்துவிட்டுப் போவார்கள். தனக்குப் பிடித்த பாட்டு இறங்கியிருந்தால் சண்டைக்கே வந்துவிடுவார்கள்.

அந்த நோட்டில் ஆடி மாதப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஆடி என்றால் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள்தானே ஊரெல்லாம் கேட்கும்? என் பட்டியலில் அவை ஏழாவதாகவோ ஒன்பதாவதாகவோதான் இருக்கின்றன. சில வருடம் பத்துக்குள்ளேயே இல்லை. அந்தக் கேசட் எல்லார் வீட்டிலும் ஏற்கெனவே இருந்ததுதான் காரணம். நாடா சிக்கி அறுந்துபோனவர்களும், புதிதாகத் தனிக்குடித்தனம் போனவர்களும்தான் மறுபடி பதிய வந்தார்கள். ஆனால் கடைப் படியை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்தால் கணக்கே வேறு. மாரியம்மன் கோவில் வேப்பமரத்தில் கட்டிய குழாயில் விடியற்காலை தொடங்கி ராத்திரி வரை அவர் குரல்தான். மைக் செட் அண்ணன் என்னைப் போல ஒரு நோட்டு வைத்திருந்தால், ஒவ்வொரு ஆடிக்கும் முதலிடம் அதே பாட்டுக்குத்தான் போயிருக்கும்.

ஒரே தெரு, ஒரே வாரம், இரண்டு கணக்கு. நான் எண்ணியது காசு கொடுத்து வாங்கியதை. அவர் எண்ணியிருந்தால் காதில் விழுந்ததை எண்ணியிருப்பார்.

பிரிட்டன் பட்டியலில் நடந்ததும் இதுதான். வெகுகாலம் அது என் நோட்டு மாதிரி இருந்தது. இசைத்தட்டு, கேசட், குறுந்தகடு, அப்புறம் 2005 முதல் இணையத்தில் காசு கொடுத்து இறக்கிக்கொள்ளும் பாட்டு என்று விற்றதை மட்டும் எண்ணினார்கள். 2014 ஜூலையில், செயலிகளில் பாட்டு ஓடவிட்டுக் கேட்பதையும் சேர்த்து எண்ணத் தொடங்கினார்கள். அன்றைக்கு அது பாதி மைக் செட் அண்ணனின் நோட்டாகிவிட்டது. போகப் போக முக்கால்வாசி.

நீங்கள் சொன்ன பாட்டின் கதையையே பாருங்கள். ‘வாம்’ இரட்டையரில் ஒருவரான ஜார்ஜ் மைக்கேல் தானே எழுதி, தானே பாடி, தானே தயாரித்த பாட்டு அது. வந்த வருடம் டிசம்பரில், எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு உதவ பாப் கெல்டாஃபும் மிட்ஜ் யூரும் பாடகர்களைத் திரட்டிச் செய்த ‘பேண்ட் எய்டு’ பாட்டு முதலிடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கூட்டுப் பாட்டில் ஜார்ஜ் மைக்கேலும் பாடியிருக்கிறார். அவர் குரல் இருந்த பாட்டே அவருடைய சொந்தப் பாட்டை இரண்டாம் இடத்தில் நிறுத்தியது. ‘வாம்’ இரட்டையரும் தங்கள் பாட்டின் வருமானத்தைப் பஞ்ச நிவாரணத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அந்தத் தட்டை வாங்கியவர் கணக்கில் ஒரு தடவைதான் ஏறுவார். வீட்டில் ஆயிரம் தடவை போட்டுக் கேட்டாலும் அது எந்த நோட்டிலும் வராது. இப்போது ஒவ்வொரு தடவையும் ஏறுகிறது. அதனால்தான் வந்து 36 வருடம் கழித்து, 2021 ஜனவரி 1-ஆம் தேதிப் பட்டியலில் அது முதல் முறையாக முதலிடம் தொட்டது. கிறிஸ்துமஸ் முதலிடம் என்ற பெயர் கிடைக்க 39 வருடம் ஆனது. பார்க்க ஜார்ஜ் மைக்கேல் இல்லை. 2016-ல், கிறிஸ்துமஸ் அன்றே இறந்துபோனார்.

சரி, பட்டியல் கெட்டுவிட்டதா? இல்லை என்றுதான் சொல்வேன். ஜனங்கள் அந்த வாரம் எதைக் கேட்டார்களோ அதைச் சொல்வதுதான் பட்டியலின் வேலை. டிசம்பரில் லட்சக்கணக்கான வீடுகளில் நாற்பது வருடத்துப் பாட்டு ஓடியது என்றால், அதை மறைத்துவிட்டு வேறு பாட்டை மேலே எழுதுவதுதான் பொய்.

ஆனால் உங்கள் ஆதங்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அது என்னையும் உறுத்துகிறது. பழைய கிறிஸ்துமஸ் பாட்டுகள் கும்பலாக மேலே ஏறும்போது, அப்போதுதான் முதல் பாட்டை வெளியிட்டிருக்கும் ஒரு பாடகி இருபது, முப்பது படி சரிந்துவிடுவாள். அவள் பாட்டை யாரும் வெறுக்கவில்லை. இடம் இல்லை, அவ்வளவுதான். வயதான பாட்டுகளின் ஓட்டத்தைக் குறைத்து எண்ணும் விதியை அவர்கள் 2017-லேயே கொண்டுவந்தார்கள். அப்படியும் டிசம்பரில் பழசு மேலே வந்துவிடுகிறது.

எனக்கு இதே சிக்கல் கார்த்திகையில் வந்தது. ஆடி மாதிரி இல்லை அது. வருடா வருடம் புதிதாக மாலை போடும் கன்னிச்சாமிகள் வந்து கேசட் பதிவார்கள். வீரமணி பாட்டும் யேசுதாஸ் பாட்டும் இல்லாமல் ஒரு கேசட் கடையை விட்டுப் போகாது. இரண்டு மாதம் என் கரும்பலகையில் முதல் ஐந்து வரி அசையவே அசையாது. ‘அண்ணே, போர்டை அழிக்கிறதையே விட்டுட்டீங்களா?’ என்று ஒரு பையன் கேட்டான். மறு வாரம் பக்கத்துப் பாத்திரக் கடையில் ஒரு சின்னச் சிலேட்டை இரவல் வாங்கி, பக்திப் பாட்டுக்குத் தனியாக மாட்டினேன். சிலேட்டுக்கும் ஆள் நின்றார்கள், பலகைக்கும் நின்றார்கள். லண்டன்காரர்கள் என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: பழைய பாட்டை விரட்டாதீர்கள், டிசம்பருக்கு இன்னொரு சிலேட்டு மாட்டுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஒரு பட்டியல் எப்போதுதான் கெட்டுப்போகும்?
– ஆசிரியர், திருவாரூர்

பதில்: வெற்றியை முன்கூட்டியே செய்துவைக்கும்போது. இது என் கடையிலேயே நடந்தது. ஒரு தீபாவளி சமயம். கேசட் கம்பெனி ஒன்றின் ஆள் (பெயர் வேண்டாம்) வந்து, புதுப்படக் கேசட் இருபதை மேஜையில் அடுக்கினார். காசு வேண்டாம், கரும்பலகையில் இரண்டு வாரம் இந்தப் பாட்டை முதலாவதாக எழுதினால் போதும் என்றார். எழுதினேன். நோட்டில் அந்த வாரம் அந்தப் பாட்டுக்கு மூன்றே கோடு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வாரம் ஒரு கேசட் பதிகிற ஆட்டோக்காரத் தம்பி வந்தார். பலகையைப் பார்த்தார். ‘இந்தப் பாட்டு நம்ம ஸ்டாண்டுல ஒரு வண்டியிலயும் ஓடலையே அண்ணே’ என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. தன் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் துணியை நனைத்துப் பலகையைத் துடைத்தேன். கேசட்டுகளை மறுநாள் பார்சலில் திருப்பி அனுப்பினேன். அந்த மூன்று கோடும் இன்னும் நோட்டில் இருக்கின்றன, நேற்றும் பார்த்தேன்.

பிரிட்டனிலும் அப்படி ஒரு காலம் இருந்தது. ‘எக்ஸ் ஃபேக்டர்’ என்ற தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி. இறுதிச் சுற்றைக் கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால் வைப்பார்கள். ஜெயித்தவர் பாடுவதற்கான பாட்டு தயாராக இருக்கும். முடிவு வந்த கையோடு விற்பனைக்கு வரும். 2005, 2006, 2007, 2008 என்று நான்கு வருடமும் அந்தப் போட்டியில் ஜெயித்தவர்தான் கிறிஸ்துமஸ் முதலிடம். வாங்கியவர்கள் நிஜமான ஜனங்கள்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் தேதியும் பாட்டும் இடமும் முதலிலேயே தீர்மானமாகி, ஆளின் பெயர் மட்டும் கடைசியில் நிரப்பப்பட்டது. நாற்பது வருடம் கழித்து ஒரு பாட்டு தானாக மேலே வருவதற்கும் இதற்கும் நிறைய தூரம்.

2009-ல் ஜான் மோர்ட்டர், ட்ரேசி மோர்ட்டர் என்ற கணவன் மனைவி இதை உடைத்தார்கள். ஃபேஸ்புக்கில் ஒரு குழு தொடங்கி, ‘இந்த வருடமாவது வேறு பாட்டை வாங்குவோம்’ என்று கூப்பிட்டார்கள். அவர்கள் எடுத்தது ‘ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின்’ என்ற அமெரிக்கக் குழுவின் 1992-ஆம் வருடத்துப் பாட்டு. கிறிஸ்துமஸுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதிகாரத்தை எதிர்த்துக் கத்துகிற, வசவு நிறைந்த பாட்டு. அந்த ஒரு வாரத்தில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் காசு கொடுத்து இறக்கிக்கொண்டார்கள். போட்டியில் ஜெயித்த ஜோ மெக்எல்டெரியின் பாட்டு ஏறத்தாழ நாலரை லட்சத்தோடு இரண்டாவதாக நின்றது. கூடவே வீடில்லாதவர்களுக்கான ‘ஷெல்டர்’ அமைப்புக்கு நன்கொடையும் திரட்டினார்கள். அடுத்த ஜூனில் அந்தக் குழு லண்டன் வந்து ஃபின்ஸ்பரி பூங்காவில் இலவசமாகக் கச்சேரி செய்து நன்றி சொன்னது.

அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐந்து லட்சம் பேர் சேர்ந்து ஒரு கரும்பலகையைத் துடைத்திருக்கிறார்கள் என்றே தோன்றியது. இதில் ஒன்றையும் சொல்ல வேண்டும்: இரண்டு பாட்டுமே சோனி கம்பெனிக்குச் சொந்தமானவை. பணம் ஒரே பெட்டிக்குத்தான் போனது. அப்படியும் நான் அதை நல்ல காரியம் என்றே சொல்வேன். தோற்ற பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அடுத்த வாரமே அவன் பாட்டு முதலிடத்துக்கு வந்துவிட்டது.

கேள்வி: இந்தப் பட்டியல் வழக்கம் எப்போது, எப்படி ஆரம்பித்தது? நம் பக்கம் அப்படி உண்டா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பிரிட்டனில் 1952-ல். ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ பத்திரிகையின் பெர்சி டிக்கின்ஸ் சுமார் இருபது இசைத்தட்டுக் கடைகளுக்குப் போன் போட்டு, இந்த வாரம் எது அதிகம் போனது என்று கேட்டு எழுதிக்கொண்டார். அது நவம்பர் 14 இதழில் வந்தது. அல் மார்ட்டினோ என்ற அமெரிக்கப் பாடகரின் காதல் பாட்டு முதலிடம். தொடர்ந்து ஒன்பது வாரம் அது இறங்கவில்லை. ஆகவே அந்த முதல் கிறிஸ்துமஸிலும் ‘அதே பாட்டு’தான்! எது முதலிடம் வரும் என்று அந்த டிசம்பரிலும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

அதே 1952-ல் இலங்கை வானொலியில் அமீன் சயானி ‘பினாக்கா கீத்மாலா’வைத் தொடங்கினார். மத்திய அமைச்சர் கேஸ்கர் காலத்தில் நம் வானொலி சினிமாப் பாட்டைக் கைவிட்டிருந்த நேரம் அது. இந்திப் பாட்டுகளின் வாரப் பட்டியல் கொழும்பில் இருந்து வந்தது. தமிழ் ஒலிபரப்பின் நேயர்களும் லட்சக்கணக்கில் இருந்தார்கள். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் இலங்கை வானொலி அடுத்த தெருவில் இருந்து பேசுவதுபோலத் துல்லியமாக எடுக்கும். என் மாமா வீடு அங்கேதான். பாட்டு கேட்டு அவர் எழுதிய கார்டுகளைத் தபால் பெட்டியில் போடும் வேலை எனக்கு. வானொலியில் அவர் பெயர் வந்துவிட்டால் அன்றைக்கு உப்பளத்துக்கே போகமாட்டார்.

கேள்வி: யாரோ வெள்ளைக்காரர் பட்டியலுக்கு நம் பத்திரிகையில் இத்தனை இடம் தேவையா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: தேவைதான் அண்ணே. உங்கள் பேரன் போனில் கேட்கும் பாட்டையும் இன்று அதே மாதிரிதான் எண்ணுகிறார்கள்.

கேள்வி: திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக்கு வருடா வருடம் அதே ஐந்து கீர்த்தனைகள்தான். யாரும் சலித்துக்கொள்வதில்லையே. கிறிஸ்துமஸ் பாட்டுக்கு மட்டும் ஏன் இந்தப் பேச்சு?
– வாசகி, திருவையாறு

பதில்: அம்மா, நல்ல கேள்வி. புஷ்ய பகுள பஞ்சமி அன்று காவிரிக்கரையில் நாட்டை ராகத்தில் ஆரம்பித்து, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று வரிசை மாறாமல் வரும். வராளியை நேராகப் பாடம் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்ற பழைய நம்பிக்கையால், கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டவர்கள் அந்தக் கூட்டத்தில் உண்டு. அதே பாட்டு வரும் என்று தெரிந்துதான் எல்லாரும் போகிறோம். மாறினால்தான் சங்கடம். மார்கழியில் திருப்பாவையும் அப்படித்தானே. எந்த நாளில் எந்தப் பாட்டு என்பது விடிவதற்கு முன்பே தெரியும். அங்கே யாரும் யாரையும் தோற்கடிக்கவில்லை. பந்தயம் என்று பெயர் வைத்துவிட்ட இடத்தில்தான் ‘முன்பே தெரிந்துவிட்டதே’ என்ற கோபம் வருகிறது. கிறிஸ்துமஸ் பாட்டு பாவம், ஒரே நேரத்தில் வழிபாட்டிலும் பந்தயத்திலும் நிற்கிறது.

கேள்வி: எங்கள் சபையில் கேரல் ரவுண்ட்ஸுக்கு ஒவ்வொரு வருடமும் பழைய பாட்டுகளையே பாடுகிறோம். இளையவர்கள் ‘புதுசு வேண்டும்’ என்கிறார்கள். பெரியவர்களுக்கு வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனை இல்லாவிட்டால் கிறிஸ்துமஸே இல்லை. என்ன செய்ய?
– பாடகர் குழுத் தலைவி, பொறையாறு

பதில்: தங்கச்சி, உங்கள் பக்கத்து டீச்சரம்மா ஒருவர் என் கடைக்கு வருவார். நவம்பர் கடைசி வாரம், தவறாமல். பையில் ஒரே ஒரு கேசட் இருக்கும். தரங்கம்பாடிக் கோவிலில் அவர்கள் குழு பாடியதை யாரோ சாதாரண டேப்ரெக்கார்டரில் பிடித்தது. கடல் இரைச்சல் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு குழந்தை இருமும். அதைப் பன்னிரண்டு பிரதி எடுக்க வேண்டும், பாடுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. முன்வரிசையில் பாடிய ஒரு அம்மா இறந்துபோன பிறகும் அவர் குரல் அந்த நாடாவில் இருந்தது. அதனால் மறுபடி பதிவு செய்ய யாருக்கும் மனம் வரவில்லை.

ஒரு வருடம் டீச்சரம்மா கூட நாலு இளைஞர்கள் வந்தார்கள். கிடார் வைத்து அவர்களே மெட்டுப் போட்ட பாட்டு இரண்டு இருக்கிறதாம், பழைய கேசட்டை விட்டுவிட்டு இதைப் பிரதி எடுக்கலாமாம். டீச்சரம்மா ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். பழைய கேசட்டில் பாட்டு முப்பது நிமிடத்தோடு முடிந்துவிடும், பின்பக்கம் காலி. ‘ஏ பக்கம் அப்படியே இருக்கட்டும், பி பக்கத்தில் இவர்கள் பாடட்டுமே’ என்றேன். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தெருச் சத்தம் அடங்கிய பிறகு, ராத்திரி பத்து மணிக்கு அங்கேயே பதிந்தோம். கிடாரில் ஒரு தந்தி கொஞ்சம் இறங்கியிருந்தது. பையன்கள் கவனிக்கவில்லை, நான் சொல்லவும் இல்லை.

போன டிசம்பரில் ஒரு கல்யாணத்துக்குப் பொறையாறு வந்து ஒரு ராத்திரி தங்கினேன். தெருவில் கேரல் குழு வந்தது. கீர்த்தனை முடிந்ததும் அந்த இரண்டு பாட்டில் ஒன்றை எடுத்தார்கள். கூட நின்ற பெரியவர்கள் தாளைப் பார்க்காமல் பாடினார்கள். பக்கத்தில் நின்ற சின்னப் பெண்ணிடம் ‘இது யார் பாட்டும்மா?’ என்று கேட்டேன். ‘தெரியாது தாத்தா, பழைய பாட்டு’ என்றாள்.